நான் போனால் சந்தைக்கடை, கைடு டீச்சர் வந்தால் கப்சிப்

கேள்வி:

வணக்கம் அம்மா. நான் பி.எட். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வட சென்னையில் ஓர் அரசு உதவி பெறும் பள்ளியில் கற்பித்தல் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். எட்டாம் வகுப்புக்கு அறிவியல், 48 பிள்ளைகள். நான் உள்ளே போனால் சந்தைக்கடைதான். கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொள்கிறது. கடைசி பெஞ்சில் ஒரு பையன் நான் போர்டு பக்கம் திரும்பினாலே பெஞ்சில் கானா தாளம் போடுவான், மற்றவர்கள் சிரிப்பார்கள். அதே வகுப்பு, பள்ளியில் என் பயிற்சியைப் பார்த்துக்கொள்ளும் கைடு டீச்சர் வாசலில் வந்து நின்றால் கப்சிப் ஆகிவிடும்.

போன வாரம் 'விசையும் அழுத்தமும்' பாடத்துக்காக, பாட்டிலில் மேலே, நடுவே, கீழே என்று மூன்று ஓட்டை போட்டுத் தண்ணீர் ஊற்றிக் காட்டினேன். கீழ் ஓட்டைத் தண்ணீர்தான் அதிக தூரம் பாயும் என்று முதலிலேயே சொல்லியிருந்தேன். ஆனால் நடு ஓட்டைத் தண்ணீர்தான் தூரமாகப் போய் விழுந்தது. "நீங்க சொன்னது தப்பு மிஸ்" என்று மொத்த வகுப்பும் எழுந்து வந்து மேஜையைச் சுற்றிக்கொண்டது. தரையெல்லாம் தண்ணீர். பக்கத்து அறையில் இருந்து கைடு டீச்சர் வந்து ஓர் அதட்டல் போட்ட பிறகுதான் அடங்கினார்கள். சாயங்காலம் ஸ்டாஃப் ரூமில் தன்னுடைய மர ஸ்கேலை என்னிடம் கொடுத்து, "நாலு பேருக்கு ஒண்ணு போடு, மத்தவன் தானா அடங்குவான். முதல் நாளே பல்லைக் காட்டினா இப்படித்தான்" என்றார். எனக்கு அடிக்க மனசு வரவில்லை, வேறு வழியும் தெரியவில்லை. அடுத்த மாதம் கல்லூரியில் இருந்து மேடம் அப்சர்வேஷனுக்கு வருகிறார். இந்த வேலைக்கே நான் லாயக்கில்லையோ என்று இருக்கிறது.

பெயர் வேண்டாம், சென்னை

பதில்:

பாட்டிலில் இருந்தே ஆரம்பிக்கலாம். அன்று நீங்கள் சொன்ன அறிவியலும் தப்பில்லை, பிள்ளைகள் கண்ணால் பார்த்ததும் தப்பில்லை. கீழ் ஓட்டையில் அழுத்தம் அதிகம், அதனால் தண்ணீர் அங்கிருந்துதான் அதிக வேகமாக வெளியே வரும். ஆனால் பாட்டிலை மேஜை மேல் வைத்து, தண்ணீரும் மேஜையிலேயே விழும்படி விட்டிருப்பீர்கள். கீழ் ஓட்டைக்கும் மேஜைக்கும் நடுவே இடமே இல்லாததால், எவ்வளவு வேகமாக வந்தாலும் உடனே மேஜையைத் தொட்டுவிடும். மேல் ஓட்டைத் தண்ணீருக்கு விழ உயரம் உண்டு, வேகம் கிடையாது. நடு ஓட்டைக்கு இரண்டும் ஓரளவு இருப்பதால் அதுதான் ஜெயிக்கும். பாட்டிலை ஸ்டூல் மேல் ஏற்றி, தண்ணீர் கீழே தரையில் வைத்த டப்பில் விழும்படி செய்தால் நீங்கள் சொன்னபடியே நடக்கும். பாட்டிலின் அடிக்கும் டப்புக்கும் நடுவே, பாட்டிலில் நிற்கும் தண்ணீரின் உயரமாவது இடைவெளி வேண்டும், அவ்வளவுதான். முதல் நாள் ராத்திரி வீட்டில் ஒரு தடவை ஊற்றிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அறிவியல் டீச்சருக்கு வகுப்புக் கட்டுப்பாட்டில் பாதி வேலை இப்படி வீட்டிலேயே முடிந்துவிடும்.

நீங்கள் மோசமான நாள் என்று எழுதியிருக்கும் அந்த நாளை நான் அப்படிப் பார்க்கவில்லை. "நீங்க சொன்னது தப்பு மிஸ்" என்று ஓர் எட்டாம் வகுப்புப் பிள்ளை கத்த வேண்டும் என்றால், முதலில் நீங்கள் சொன்னதைக் காதில் வாங்கியிருக்க வேண்டும். அதை ஞாபகம் வைத்துக்கொண்டு, மூன்று தாரையையும் பார்த்து, எது எங்கே விழுகிறது என்று ஒப்பிட்டிருக்க வேண்டும். பாடத்தைக் கவனிக்காத பிள்ளைக்கு இதெல்லாம் வராது. கைடு டீச்சரைக் குறை சொல்லவும் முடியாது, பக்கத்து அறையில் அவருக்கும் பாடம் ஓடிக்கொண்டிருந்திருக்கும்.

ஆனால் எல்லோரும் எழுந்து வந்ததற்கு ஆர்வம் மட்டும் காரணம் இல்லை. பின்னால் இருப்பவனுக்குப் பாட்டில் தெரியாது. எங்கே நிற்க வேண்டும், எப்போது வர வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. முன்னால் நாலு பேர் எழுந்தால் அவனும் எழத்தான் செய்வான். உங்கள் கடிதத்தைத் திரும்பப் படித்துப் பாருங்கள். உள்ளே நுழையும்போது சத்தம். போர்டு பக்கம் திரும்பும்போது தாளம். நீங்கள் பேசி முடித்துத் தண்ணீர் ஊற்றும்போது கூட்டம். ஒரு வேலை முடிந்து இன்னொரு வேலை தொடங்கும் அந்த ஒன்றிரண்டு நிமிடங்களில்தான் வகுப்பு உங்கள் கையை விட்டுப் போகிறது. பாடம் நடக்கும்போது போகவில்லை. பாடத்துக்குப் பக்கம் பக்கமாகக் குறிப்பு எழுதுகிறோம், இந்த இடைவெளிகளுக்கு ஒரு வரிகூட எழுதுவதில்லை. எனக்குத் தெரிந்து புது டீச்சர்களின் கஷ்டத்தில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது.

இது நானாகச் சொல்வதும் இல்லை. அமெரிக்காவில் ஜேக்கப் கூனின் என்று ஓர் உளவியலாளர் இருந்தார். கல்லூரியில் பாடம் எடுக்கும்போது செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவரைக் கண்டித்தார். சும்மா இருந்த மற்ற மாணவர்களும் அதில் நிமிர்ந்து உட்கார்ந்ததைக் கவனித்தார். எப்படிக் கண்டித்தால் வகுப்பு அடங்கும் என்று அங்கிருந்து ஆராயப் புறப்பட்டவர், பல பள்ளி வகுப்புகளை வீடியோ எடுத்துப் பார்த்த பிறகு 1970இல் எழுதிய புத்தகத்தில் வேறு முடிவுக்கு வந்திருந்தார். கண்டிக்கும் விதத்துக்கும் வகுப்பு ஒழுங்காக இருப்பதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை என்பது அவர் கண்டது. ஒழுங்காக நடந்த வகுப்புகளில் ஆசிரியர் முழு அறையையும் கண்ணில் வைத்திருந்தார், ஒரே சமயத்தில் இரண்டு விஷயத்தைக் கவனித்தார், ஒன்றில் இருந்து அடுத்ததற்குத் தடங்கல் இல்லாமல் போனார். பிரச்சினை வருவதற்கு முன்னாலேயே செய்யும் வேலைகள் இவை. நம் ஸ்டாஃப் ரூம்களில் பேச்சு முழுக்க வந்த பிறகு என்ன செய்வது என்பதைப் பற்றித்தான்.

முதல் ஆண்டில் நுண்ணிலைக் கற்பித்தல் செய்திருப்பீர்கள். 1960களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பிறந்த முறை அது. கிளர்வினா (கிளறிக் கிளறிக் கேட்பது), வலுவூட்டல் (பாராட்டி ஊக்குவது), பல்வகைத் தூண்டல் (குரலையும் சைகையையும் மாற்றிக் கவனத்தை இழுப்பது) என்று ஒவ்வொரு திறனாகப் பிரித்து ஐந்தாறு நிமிடம் நடத்திப் பார்ப்பது. நல்ல பயிற்சிதான், நானும் நடத்துகிறேன். ஆனால் அங்கே மாணவர்களாக உட்கார்ந்திருந்தது உங்கள் தோழிகள். "மிஸ், இவன் என் பேனாவை எடுத்துட்டான்" என்று ஒருத்தியும் எழுந்து நிற்கவில்லை. ஆக, இந்த ஒரு விஷயத்தில் நீங்கள் ஒத்திகையே பார்க்காமல் பள்ளிக்குள் வந்திருக்கிறீர்கள். பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பாக மாறியபோது பள்ளியில் இருக்கும் காலம் மொத்தம் 20 வாரம் என்று ஆனது. லாயக்கா இல்லையா என்ற கேள்வியை அந்த 20 வாரம் முடிந்த பிறகு கேளுங்கள், அப்போது பதில் சொல்கிறேன்.

சரி, நாளைக்கு என்ன செய்வது?

பெல் அடிக்கும்போது வகுப்பு வாசலில் நில்லுங்கள். உள்ளே மேஜை பக்கத்தில் வேண்டாம், வாசலில். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறமோ பி.டி. பீரியடுக்கு அப்புறமோ உங்கள் பீரியட் வந்தால் இது ரொம்ப முக்கியம். வியர்த்து விறுவிறுத்து, பாதி சண்டையை மைதானத்தில் விட்டுவிட்டு மீதியைக் கையோடு கொண்டு வருவார்கள். அவர்கள் உட்காரும் முன்பே செய்வதற்கு ஒரு வேலை கண்ணில் படவேண்டும். முந்தின பீரியட் டீச்சர் போர்டை நிரப்பி வைத்திருப்பார், அதை அழிப்பதற்குள்ளேயே காரியம் கெட்டுவிடும். அதனால் வீட்டிலேயே ஒரு சார்ட் பேப்பரில் பெரிதாக எழுதி எடுத்துப் போய் ஒட்டுங்கள். "ஸ்கூல் பையின் வார் ஏன் பட்டையாக இருக்கிறது? கயிறு மாதிரி இருந்தால் தோள் என்ன ஆகும்? இரண்டு வரி எழுது." அழுத்தம் பாடத்துக்கு இதைவிட நல்ல ஆரம்பம் கிடைக்காது, அதுவும் 48 பேர் முதுகிலும் அந்தப் பை தொங்கிக்கொண்டிருக்கும்போது. முதல் நாள் பாதிப் பேர் எழுத மாட்டார்கள். எழுதியவர்களில் இரண்டு பேரின் வரியைப் படித்துக் காட்டிப் பாடத்தை அதிலிருந்து தொடங்குங்கள். எழுதாதவர்களைத் திட்ட வேண்டாம். தினமும் ஏதோ ஒன்று ஒட்டியிருக்கும் என்று தெரிந்த பிறகு, உட்காரும்போதே சுவரைப் பார்ப்பார்கள்.

அவர்கள் எழுதும் அந்த நேரத்தில் நீங்கள் பெயர்களைப் படியுங்கள். ஒரு தாளில் பெஞ்ச் பெஞ்சாகக் கட்டம் போட்டு யார் எங்கே என்று எழுதி மேஜையில் வையுங்கள். "ஏய், கடைசி பெஞ்ச்" என்று கூப்பிட்டால் கடைசி பெஞ்ச் முழுக்கப் பதில் சொல்லும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒருவன் மட்டும்தான் திரும்புவான். 2025இல் பிள்ளைகளை 'ப' வடிவில் உட்கார வைப்பது பற்றி ஊரே பேசியது. மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் 48 பேரை வைத்துக்கொண்டு எந்த எழுத்தையும் போட முடியாது. நடுவே நடந்து போக ஒரு வழி இருந்தால் போதும். பைகள் அந்த வழியில் கிடக்கும், அவற்றை பெஞ்சுக்கு அடியில் தள்ளச் சொல்லுங்கள்.

அடுத்தது, வேலை சொல்லும் விதம். "எல்லாரும் நோட்டை எடுங்க" என்று சொன்னதும் என்ன நடக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா?

"ரஃப் நோட்டா, ஃபேர் நோட்டா மிஸ்?"

"புதுப் பக்கமா மிஸ்?"

"மார்ஜின் போடணுமா மிஸ்?"

"ப்ளூ பேனாவா, பிளாக்கா மிஸ்?"

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி முடிப்பதற்குள் மற்ற 44 பேர் தங்கள் சொந்தக் கதையை ஆரம்பித்திருப்பார்கள். இதில் அவர்கள் தப்பு எதுவுமே இல்லை. கேள்வி வருவதற்கு முன்னால் பதிலைச் சொல்லிவிடுங்கள்: "ரஃப் நோட்டு. புதுப் பக்கம். இன்னைக்குத் தேதி. பென்சில் மட்டும். எடுத்து வச்சவங்க என்னைப் பாருங்க." பிறகு வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். முக்கால்வாசிப் பேர் பார்த்த பிறகுதான் அடுத்த வாக்கியம். பென்சில் இல்லாதவர்கள் தினமும் நாலைந்து பேர் இருப்பார்கள். அதை ஒழுக்கப் பிரச்சினை ஆக்காமல், கையில் அரை டஜன் பென்சில் வைத்திருந்து கொடுத்து, போகும்போது வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு திரும்பி வராது, போகட்டும்.

"புரிஞ்சுதா?" என்று கேட்பதை நிறுத்துங்கள். "புரிஞ்சுது மிஸ்ஸ்ஸ்" என்று 48 பேரும் இழுப்பார்கள், அதில் புரிந்தவர் எத்தனை பேர் என்று உங்களுக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. சத்தத்தை நாமே காசு கொடுத்து வாங்குகிற வேலை. அதற்குப் பதில் கேள்வியை முதலில் சொல்லி, கொஞ்சம் நிறுத்தி, அப்புறம் ஒரு பெயரைச் சொல்லுங்கள். பெயரை முதலில் சொன்னால் மற்ற 47 பேரும் தப்பித்தோம் என்று உட்கார்ந்துவிடுவார்கள். அந்த நிறுத்தம் குறைந்தது மூன்று நொடி. மேரி பட் ரோ என்ற அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளர் 1970களில் வகுப்புகளைப் பதிவு செய்து கேட்டபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. மூன்று நொடி காத்திருந்தபோது பதில்கள் நீண்டன, தெரியாது என்று சொல்வது குறைந்தது, ஒழுங்குப் பிரச்சினையும் குறைந்தது. சொல்வதற்குச் சுலபம், நின்று பாருங்கள், மூன்று நொடி எவ்வளவு நீளம் என்று தெரியும். முதல் தடவை உங்களுக்கே பயமாக இருக்கும்.

தொண்டை பற்றி. சுற்றிலும் சத்தம் இருந்தால் மனிதன் தன்னை அறியாமல் குரலை உயர்த்துவான். லோம்பார்டு விளைவு என்று இதற்குப் பெயரே இருக்கிறது, 1911இல் ஒரு பிரெஞ்சு மருத்துவர் கவனித்துச் சொன்னது. நீங்கள் கத்தினால் அவர்கள் அதற்கு மேல் பேசுவார்கள், நீங்கள் இன்னும் கத்துவீர்கள், 48 பேரோடு இந்தப் போட்டியில் ஜெயிக்க முடியாது. சத்தத்தின் மேல் பாடத்தை ஏற்றாதீர்கள். நிறுத்துங்கள், இடத்தை மாற்றி நில்லுங்கள், சத்தம் அதிகமாக வரும் பக்கம் நடந்து போய் அங்கிருந்து மெதுவாகத் தொடருங்கள். போர்டில் எழுதும்போது முழு முதுகையும் காட்டாமல் பக்கவாட்டில் நின்று, இரண்டு வரி எழுதித் திரும்பிப் பார்த்து, மறுபடி எழுதுங்கள். எழுத்து கொஞ்சம் கோணலாகப் போனாலும் பரவாயில்லை. படம் பெரிது என்றால் சார்ட்டில் கொண்டு போங்கள், இல்லை என்றால் கையெழுத்து நன்றாக இருக்கும் பிள்ளையை எழுத விட்டுவிட்டு நீங்கள் வகுப்பைப் பாருங்கள். குரல் கரகரப்பு இரண்டு மூன்று வாரத்தில் போகவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். நம் வேலைக்கு அதுதான் முதலீடு.

இனி அந்த மர ஸ்கேல். அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 17ஆவது பிரிவு, பிள்ளையை அடிப்பதையும் மன ரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. மீறினால் ஆசிரியர் மேல் துறை நடவடிக்கை வரும். முட்டி போட வைப்பது, வெயிலில் நிறுத்துவது, அப்பா என்ன வேலை செய்கிறார் என்று இழுத்துப் பேசுவது எல்லாம் இதற்குள் வரும். பயிற்சி மாணவி என்பதால் யாரும் விட்டுவிட மாட்டார்கள். உங்களைக் காப்பாற்ற அங்கே யாரும் இருக்கவும் மாட்டார்கள். சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். ஒரு தடவை அடித்துவிட்டால் அடுத்த தடவை அதைவிடக் கொஞ்சம் பலமாக அடித்தால்தான் வேலை நடக்கும். கைடு டீச்சரின் வகுப்பு அமைதியாக இருப்பது ஸ்கேலால் என்று அவரே நம்புகிறார். நான் அப்படி நினைக்கவில்லை. அவருக்கு அந்தப் பிள்ளைகளின் அம்மாக்களைத் தெரியும், அண்ணன் அக்காவுக்குப் பாடம் எடுத்திருப்பார், பரீட்சைப் பேப்பர் திருத்துவதும் அவர்தான், அடுத்த வருஷமும் அங்கேதான் இருப்பார். நீங்கள் சில மாதத்தில் போய்விடும் டிரெய்னிங் மிஸ் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஸ்கேலைத் திருப்பிக் கொடுக்கும்போது உபதேசம் பண்ணாதீர்கள். "காலேஜ்ல ரொம்ப ஸ்ட்ரிக்டா சொல்லியிருக்காங்க மேடம்" என்று காலேஜ் மேல் பழியைப் போட்டுவிடுங்கள். கூடவே ஓர் உதவி கேளுங்கள்: "என் கிளாஸ்ல ஒரு பத்து நிமிஷம் பின்னாடி உட்கார்ந்து, சத்தம் எப்பெப்போ ஏறுதுன்னு மட்டும் ஒரு பேப்பர்ல குறிச்சுக் குடுங்க மேடம்." அனுபவசாலிகளிடம் எப்படிச் சமாளிப்பது என்று கேட்டால் "போகப் போகத் தெரியும்" என்பார்கள். இப்படிக் குறிப்பாக ஒன்றைக் கேட்டால் சந்தோஷமாகச் செய்வார்கள். அந்தத் தாளில் இருக்கும் நேரங்கள் உங்கள் இடைவெளிகளோடு பொருந்தும் என்று நினைக்கிறேன்.

இரண்டு பேரைப் போய் வேடிக்கையும் பாருங்கள். ஒருவர் பி.டி. மாஸ்டர். விசிலையும் நாலே நாலு வார்த்தையையும் வைத்துக்கொண்டு எத்தனை பேரை வரிசையில் நிறுத்துகிறார் என்று கவனியுங்கள். இன்னொருவர் உங்கள் பள்ளியின் சத்துணவு அம்மா. தட்டோடு வரும் கூட்டத்தில் யார் முதலில், யார் அடுத்து, தட்டை எங்கே கழுவுவது என்று எல்லாம் தினமும் ஒரே மாதிரி நடப்பதால் அவருக்குக் கத்த வேண்டிய அவசியமே வராது. வகுப்பு நிர்வாகம் பற்றிய எந்தப் பாடப் புத்தகத்தையும்விட அந்த அரை மணி நேரம் உங்களுக்கு உபயோகப்படும்.

பல்லைக் காட்டுவது பற்றி: தாராளமாகச் சிரியுங்கள். சொன்னதை மறுநாள் மாற்றாமல் இருந்தால் போதும். பேசுகிறவர்கள் பெயரை வகுப்பு லீடரே போர்டில் எழுதும் வழக்கம் உங்கள் வகுப்பிலும் இருக்கும் என்று நினைக்கிறேன். உங்கள் பீரியடில் அது வேண்டாம். லீடரின் நண்பன் பெயர் அந்தப் பட்டியலில் வரவே வராது, அந்த அநியாயத்துக்குத் தீர்ப்பு சொல்லியே உங்கள் பீரியட் தீர்ந்துவிடும்.

கானா பையனுக்கு வருகிறேன். அவன் உங்களை அவமானப்படுத்தத் தாளம் போடுகிறான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவனுக்குக் கை சும்மா இருக்காது, நீங்கள் முதுகைக் காட்டுகிறீர்கள், ரசிகர்கள் இருக்கிறார்கள். தாளம் ஆரம்பித்ததும் பாடத்தை நிறுத்தாமல், அவனைப் பார்க்காமலும், பேசிக்கொண்டே நடந்து போய் அவன் பெஞ்ச் பக்கத்தில் நில்லுங்கள். பெஞ்சின் ஓரத்தில் உங்கள் கை இருக்கட்டும். பெரும்பாலும் அதோடு நிற்கும். நிற்கவில்லை என்றால் குனிந்து அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அந்த வரியை முடி, வந்து பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். பக்கத்திலேயே நின்று அவன் முகத்தைப் பார்த்தால், எல்லோர் முன்னாலும் அவன் விட்டுக்கொடுக்க மாட்டான். அப்புறம் ஒரு நாள் இன்டர்வெல்லில், வராண்டாவில், தனியாக: "தாளம் யார்கிட்ட கத்துக்கிட்ட? நல்லா இருக்கு. என் பீரியட்ல வேணாம், எனக்குப் பேச்சு ஓட மாட்டேங்குது." இவ்வளவு போதும். ஏன் இப்படிச் செய்கிறாய் என்று கேட்காதீர்கள், அந்தக் கேள்விக்குப் பதிமூன்று வயதுப் பையனிடம் பதில் இருக்காது.

இதற்கெல்லாம் ஹெச்.எம். அறைக்கு அனுப்ப வேண்டாம். ஆனால் அடிதடி, ஒருவரை மற்றவர்கள் சேர்ந்து சீண்டுவது, ஒரு பிள்ளை காரணம் சொல்லாமல் அழுதுகொண்டே இருப்பது, உடம்பில் காயம் தெரிவது, இவற்றை நீங்களே வைத்துக்கொள்ளாமல் அன்றைக்கே வகுப்பாசிரியரிடமும் ஹெச்.எம்.மிடமும் சொல்லிவிடுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098 உங்கள் போனில் இருக்கட்டும்.

அந்தப் பரிசோதனையை மறுபடி நடத்துங்கள், அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். பாட்டில் ஓட்டைகளை மேலிருந்து கீழாக ஒரே நீள டேப்பால் அடைத்து, ஸ்டூலில் ஏற்றி, ஒரு துணி போட்டு மூடி வைத்துவிடுங்கள். முதலில் எல்லோரும் நோட்டில் பாட்டில் படம் வரைந்து, மூன்று தாரையும் எங்கே விழும் என்று கோடு போடட்டும். போன வாரம் நடு ஓட்டை ஜெயித்தது, இன்று ஸ்டூல் மேல் இருக்கிறது, மாறுமா மாறாதா என்று கேளுங்கள். கோடு போட்ட பிறகு மனசை மாற்றக்கூடாது என்பது விதி. பிறகு துணியை எடுங்கள். இரண்டு பெஞ்ச் மட்டும் முன்னால் வரலாம், சாக்பீஸால் தரையில் போட்ட கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்க வேண்டும். மற்றவர்கள் இடத்திலேயே இருந்து, வந்தவர்கள் சொல்வதை எழுத வேண்டும். டேப்பைப் பிய்ப்பதும் தண்ணீர் ஊற்றுவதும் கானா பையன் வேலை. தரையைத் துடைக்கும் துணியையும் அவனிடமே கொடுத்து வையுங்கள். அடுத்த இரண்டு பெஞ்சுக்கு மறுபடி டேப் ஒட்ட வேண்டும், ஈரத்தில் ஒட்டாது, அதனால் அதே மாதிரி ஓட்டை போட்ட இன்னும் இரண்டு பாட்டில் தயாராக இருக்கட்டும். எல்லோருக்கும் முறை வருவதற்கு ஒரு பீரியட் போதாமல் போகலாம், மீதியை மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள். சத்தம் இருக்கும். கோட்டுக்கு அந்தப் பக்கம் வராத வரைக்கும் இருந்துவிட்டுப் போகட்டும்.

அப்சர்வேஷனுக்கு மேடம் வரும் அன்று புதிதாக எதையும் செய்து காட்டாதீர்கள். "எங்க மேடம் வராங்க, ப்ளீஸ் அமைதியா இருங்க" என்று கெஞ்சவும் வேண்டாம். கெஞ்சினால் பிள்ளைகள் நிச்சயம் கேட்பார்கள், டிரெய்னிங் மிஸ்ஸைக் காப்பாற்றுவதில் அவர்களுக்கு ஒரு தனி உற்சாகம் உண்டு, ஆனால் மறுநாள் அதற்குக் கணக்கு கேட்பார்கள். "பின்னாடி ஒருத்தர் உட்காருவாங்க, நம்ம வேலை எப்பவும் போல" என்று சொன்னால் போதும்.

பாடக்குறிப்பில் ஆசிரியர் செயல்பாடு, மாணவர் செயல்பாடு என்று பத்திகள் இருக்கும் அல்லவா, அதன் ஓரத்தில் பென்சிலால் இன்னொரு பத்தி போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு செயல்பாட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு வரி: யார் எழுகிறார்கள், எந்தப் பொருள் யார் கையில், நான் எங்கே நிற்கிறேன், மற்றவர்கள் அப்போது என்ன எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கடைசிக் கேள்விக்கு எங்கேயாவது பதில் எழுத முடியாமல் காலியாக இருந்தால், பேப்பரோடு கைடு டீச்சரிடம் போய், அந்த இடத்தில் அவர் என்ன செய்வார் என்று கேளுங்கள்.